முதல் வேலையும் புதுத் தெருவும்

(கிண்டித் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள காரியாலயங்களிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாலிபர்கள், பெண்கள் மத்தியில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



ஷிப்டு முடிந்து, பசியோடும் களைப்போடும் நீங்கள் இங்கு வந்திருக்கிறீர்கள். சிலர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கூட இன்னும் கழற்றவில்லை. ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை.

“முதன் முதலாக உத்தியோகத்தில் சேர்ந்து, புது ஊரில், புதுத் தெருவில் குடியேறியிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்” என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டார்கள். இங்கே பொறியியல் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். டிப்ளமா படித்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், கணக்கு எழுதும் சகோதரிகள் இருக்கிறீர்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறியவன். படிப்பு விஷயத்தில் உங்களுக்குச் சொல்லித் தர என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் முதல் வேலையில் ஒருவன் செய்யக் கூடாத காரியம் ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் போட்ட கையெழுத்து

1998-ம் ஆண்டு ஆடி மாதம். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி, விடியற்காலையில் கத்திப்பாராவில் இறங்கினேன். அப்பொழுது அங்கே மேம்பாலம் கிடையாது. கையில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டு. வயது பதினெட்டு.

மடுவின்கரையில் ஓர் அறை. பத்தடிக்குப் பத்தடி; ஆறு பேர். இரண்டு பேர் இரவு ஷிப்டு போனால்தான் மற்ற நான்கு பேர் காலை நீட்டிப் படுக்க முடியும். தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே மானேஜர் மார்க் ஷீட்டைக் கேட்டார், கொடுத்தேன். எதுவும் எழுதாத வெள்ளைத் தாள்கள் இரண்டில் கையெழுத்துக் கேட்டார், போட்டேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை கிடைத்து விட்டதே என்ற சந்தோஷம். அன்று மாலை ஊருக்குப் போன் செய்து, “கம்பெனியில் சேர்ந்து விட்டேன்” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

என்னோடு அதே அறையில் தங்கியிருந்தவர் ஒருவர். என்னை விட இரண்டு வயது மூத்தவர். நான் “அண்ணே” என்றுதான் கூப்பிடுவேன். சோறு வடிக்கவும், எந்த பஸ் எங்கே போகும் என்றும், மிஷினில் தகட்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். பிரஸ் மிஷினில் கைக்குக் காவலாக ஒரு தடுப்பு இருக்கும். தடுப்பு இருந்தால் தகட்டை உள்ளே தள்ளி வெளியே எடுக்க நேரமாகும், எண்ணிக்கை குறையும். ஆகவே எங்கள் பட்டறையில் தடுப்பைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். நான் சேர்ந்த மூன்றாவது மாதம், ஓர் இரவு பதினோரு மணி சுமாருக்கு, அண்ணனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் டையின் கீழே போய் விட்டன.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீசு வரும், கேள்வி வரும். ஆகவே சிறிய நர்சிங் ஹோம் ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் காலை மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு தாள். “அன்றிரவு அவர் வேலைக்கு வரவில்லை, அறையில் சைக்கிள் ரிப்பேர் செய்யும்போது சங்கிலியில் விரல் மாட்டிக் கொண்டது, நான் நேரில் பார்த்தேன்” என்று எழுதியிருந்தது. அவர் என்னை மிரட்டவில்லை. குரலைக் கூட உயர்த்தவில்லை. டிராயரைத் திறந்து என் மார்க் ஷீட்டை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணனுக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். இ.எஸ்.ஐ.யில் அவர் பெயரைப் பதிந்திருந்தால் வைத்தியம் இலவசமாகக் கிடைத்திருக்கும். விரல் போனதற்காக ஆயுள் முழுவதும் மாதா மாதம் ஒரு தொகை வந்திருக்கும். அது இவ்வளவு பெரிய விஷயம் என்பதே அன்று எங்களுக்குத் தெரியாது. பஸ் ஏற்றி விடப் போனேன். தலை குனிந்து நின்றேன். அவர் இடது கையால் என் தோளைத் தட்டி, “நீ என்னடா தம்பி செய்வே? உனக்கும் வேலை வேணுமில்ல” என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். அந்த வார்த்தையை மறக்க முடியவில்லை.

தோழர்களே! இதை ஏன் சொல்கிறேன்? நான் கெட்டவன் என்பதால் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. தனியாக இருந்தேன், அதனால் போட்டேன். அந்தப் பட்டறையில் பதினெட்டுப் பேர் வேலை செய்தோம். பதினெட்டுப் பேரும் தனித்தனியாகப் பயந்தோம். “அவர் வேலை செய்யும்போதுதான் அடிபட்டார்” என்று பதினெட்டுப் பேரும் சேர்ந்து சொல்லியிருந்தால், பதினெட்டு மார்க் ஷீட்டுகளையும் கிழித்துப் போட்டு விட்டு எந்த முதலாளி மறுநாள் மிஷினை ஓட்டுவார்? இந்தச் சாதாரணக் கணக்கு அன்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து, டீக்கடையில் பழக்கமான ஒரு யூனியன்காரர்தான் அதை எனக்குப் போட்டுக் காட்டினார்.

நீங்கள் வந்திருக்கும் இடம்

நீங்கள் தினந்தோறும் நடந்து போகும் இந்த இடம் என்ன இடம் என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் ஏற்பட்டது. நாட்டில் முதன் முதலாக ஏற்பட்ட தொழிற்பேட்டைகளில் இதுவும் ஒன்று. லேத்துப் பட்டறை, பிரஸ் பட்டறை, வார்ப்படம், மின்சாரச் சாமான், அச்சுக்கூடம் என்று சிறியதும் பெரியதுமாகத் தொழில்கள் இங்கே வளர்ந்தன. வட ஆற்காட்டிலிருந்தும், தென் ஆற்காட்டிலிருந்தும், திருநெல்வேலியிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான வாலிபர்கள் இங்கே தொழில் கற்றார்கள். ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், ஆதம்பாக்கம், மடுவின்கரை ஆகிய வட்டாரங்களில் பல குடும்பங்கள் இந்தப் பேட்டையின் சம்பளத்தில் வேரூன்றியவை.

இந்தப் பேட்டைக்கு என்ன பெயர்? திரு.வி.க. தொழிற்பேட்டை. பலகையில் எழுதியிருக்கிறது. திரு.வி.க. யார் என்று உள்ளே வேலை செய்யும் வாலிபரைக் கேட்டால், “பழைய தமிழறிஞர்” என்பார். தமிழறிஞர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் தொழிற்சங்கக்காரர். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்களின் தொழிலாளர்கள் திரண்ட சங்கம் அது. நிம்மதியாக மதியச் சோறு தின்னக் கூட நேரம் கொடுக்கப்படாத ஜனங்கள் அவர்கள். பி.பி. வாடியாவோடு சேர்ந்து, அந்தச் சங்கத்துக்காக அதன் ஆரம்ப நாட்களிலிருந்து பாடுபட்டவர் திரு.வி.க. அப்படிப்பட்டவரின் பெயரைத் தாங்கிய பேட்டையில், சங்கம் என்ற வார்த்தையையே ரகசியமாகப் பேச வேண்டியிருக்கிறது என்றால் இது எவ்வளவு பெரிய விசித்திரம்!

இன்று பேட்டையின் முகம் மாறி விட்டது. பட்டறைகள் இருந்த பல இடங்களில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்து விட்டன. 2008-ல் கத்திப்பாரா மேம்பாலம் வந்தது. 2016-ல் மெட்ரோ ரயில் வந்தது. ஆனால் கட்டிடத்துக்குள்ளே நுழைந்து பாருங்கள். ஒரே வாசல், மூன்று விதமான அட்டைகள். ஓர் அட்டை நிரந்தர சிப்பந்திக்கு. இன்னோர் அட்டை, ஏஜென்சி மூலம் வந்து பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்கிறவருக்கு. மூன்றாவது அட்டை, காவல்காரருக்கும், தரை துடைக்கும் அம்மாளுக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் கற்றுக் கொள்ளும் முதல் பாடம் கம்ப்யூட்டரும் அல்ல, லேத்தும் அல்ல. எந்த நிற அட்டைக்காரரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதுதான் முதல் பாடம்! யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. தானாகவே படிந்து விடுகிறது. அந்தப் பாடத்தை மறந்து விடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

முதல் மாதத்தில் கவனிக்க வேண்டியவை

இனிக் காரியத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் சில விஷயங்களில் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்று: அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். பார்த்து விட்டுத் திருப்பித் தரட்டும். நகலை வைத்துக் கொள்ளட்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வருஷம் வேலையை விட மாட்டேன், விட்டால் இத்தனை லட்சம் கட்டுவேன் என்று எழுதி வாங்குகிறார்களே, அதைப் படித்துப் பார்க்காமல், ஒரு நகல் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

இரண்டு: நியமனக் கடிதம் கேளுங்கள். என்ன வேலை, என்ன சம்பளம், யார் உங்கள் முதலாளி என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். பழைய தொழிலாளர் சட்டங்கள் 29-க்குப் பதிலாக நான்கு தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டு வந்திருப்பதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்லது, அதைச் சொல்லியே கேளுங்கள். ஆனால் அதே தொகுப்புகளில் இன்னொன்றும் இருக்கிறது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ சர்க்கார் அனுமதி வேண்டும். இப்பொழுது அந்த வரம்பு 300 ஆகி விட்டது. கிண்டியில் 300 பேர் வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை? எண்ணிப் பாருங்கள். ஒரு கையால் கடிதத்தைக் கொடுத்து, மறு கையால் கதவைத் திறந்து காட்டுகிறார்கள்!

மூன்று: பி.எஃப்., இ.எஸ்.ஐ. சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறார்கள் என்பதோடு திருப்தியடைந்து விடாதீர்கள். பிடித்த பணம் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் எண்ணைப் போட்டுக் கைபேசியிலேயே பார்க்கலாம். இ.எஸ்.ஐ.க்கு நீங்கள் கொடுப்பது 0.75 சதவீதம், முதலாளி கொடுக்க வேண்டியது 3.25 சதவீதம். இந்தச் சிறு தொகை கட்டப்படாததால் ஒரு மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சற்று முன்பு சொன்னேன். நம் வட்டாரத்தாருக்கு கே.கே. நகரில் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே போய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

நான்கு: எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 1981-ல் ஒரு சட்டம் செய்தது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். 470-வது நாள் ஆளை நிறுத்தி, பத்து நாள் கழித்து வேறு பெயரில் எடுக்கிறார்களே, ஏன்? இந்தச் சட்டம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

ஐந்து: வேலை நேரம். “புதியவர்தானே, கொஞ்சம் கூடுதலாக இருங்கள்” என்பார்கள். ஒரு நாள் இருக்கலாம். அதுவே வழக்கமானால், எட்டு மணி நேரம் என்பது சும்மா வந்ததல்ல என்பதை நினைவில் வையுங்கள். இந்தச் சென்னைக் கடற்கரையில் 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. அதே வருஷம் மே முதல் தேதியன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். கேட்காமல் எதுவும் கிடைப்பதில்லை. காக்காமல் எதுவும் நிலைப்பதும் இல்லை.

ஆறு: இது சகோதரிகளுக்கு, சகோதரர்களும் கேட்டுக் கொள்ளுங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால், பெண்களின் புகாரை விசாரிக்கக் கமிட்டி ஒன்று இருக்க வேண்டும் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். கேட்பது தவறல்ல, அது உங்கள் உரிமை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களே, அந்தச் சகோதரி கேட்கும்போது சிரிக்காதீர்கள். அவரோடு சேர்ந்து கேளுங்கள்.

“நாங்கள் தொழிலாளிகளா?”

“இதெல்லாம் பட்டறைக்குச் சரி, நாங்கள் கம்ப்யூட்டர் கம்பெனிச் சிப்பந்திகள், எங்களுக்கு ஏது சங்கம்?” என்று சில நண்பர்கள் நினைக்கலாம். நியாயமான சந்தேகம். பதில் சொல்கிறேன்.

2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று சிப்பந்திகளைப் பெருமளவில் வெளியே அனுப்ப முற்பட்டது. சென்னையில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை நீக்கியதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தொழில் தகராறுச் சட்டம் மென்பொருள் துறைக்கும் பொருந்தும், அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-ல் தமிழ்நாடு சர்க்கார் எழுத்து மூலம் தெளிவுபடுத்தியது. யாரும் முன்வந்து கொடுத்த வரம் அல்ல இது. வேலை போனவர்கள் கூடினார்கள், கேட்டார்கள், வழக்காடினார்கள்.

“நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று உங்கள் கம்பெனியில் சொல்கிறார்கள். சந்தோஷம். எந்தக் குடும்பத்தில் அண்ணன் சம்பளம் தம்பிக்குத் தெரியக் கூடாது என்று விதி இருக்கிறது? ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதன் பொருள் என்ன? ஒருவர் துன்பமும் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான். என் பட்டறையில் பதினெட்டுப் பேரைப் பிரித்து வைத்தது டிராயருக்குள் இருந்த மார்க் ஷீட்டு. உங்கள் கட்டிடத்தில் அந்த வேலையை வேறு ஏதோ ஒன்று செய்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு.

வாடகை வீடு

வேலையில் எட்டு மணி நேரம் போனால், மீதி நேரம் இருப்பது தெருவில், அறையில். அந்த வாழ்க்கையையும் பேசியாக வேண்டும்.

இங்கே வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். “பேச்சிலருக்குக் கிடையாது.” “சைவம் மட்டும்.” இவை பலகையிலும் விளம்பரத்திலும் வெளிப்படையாக வருபவை. வெளிப்படையாக வராத கேள்வி ஒன்று உண்டு. “நீங்க என்ன ஆளுங்க?” என்று மெதுவாகக் கேட்பார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, கடைசியில் அதில் வந்து நிற்பார்கள். ஜாதியையும் மதத்தையும் கேட்டு வீட்டுக் கதவைச் சாத்தும் இந்த வழக்கத்தைச் சகித்துக் கொண்டு, பொய் சொல்லிக் குடியேறி, பயந்து பயந்து மீன் குழம்பு வைக்கும் நண்பர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இது அவமானம். அவமானம் கேட்கப்பட்டவருக்கு அல்ல, கேட்டவருக்கு. உங்களில் கேள்வி இல்லாமல் வீடு கிடைத்தவர்கள் யோசிக்க வேண்டும். எனக்கு ஏன் சுலபமாகக் கிடைத்தது, பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை?

அட்வான்ஸ் பற்றி. பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சென்னையில் வெகுகாலமாக இருந்து வரும் வழக்கம். முதல் உத்தியோகக்காரன் அதற்காகவே வட்டிக்கு வாங்குகிறான். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. “எழுதிக் கொண்டாலன்றி” என்ற அந்த வார்த்தைதான் பொறி. ஆகவே வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். படிக்காமல் போட்ட கையெழுத்து அங்கேயும் கடிக்கும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் போட்டு, சர்க்கார் விகிதத்துக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். தனியாகக் கேட்டால் “காலி செய்” என்பார்கள். நான்கு போர்ஷன்காரர்களும் சேர்ந்து கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

விடுதியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசி ஆலை ஒன்றில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலோர் முதல் வேலைக்கு வந்த இளம் பெண்கள். வீட்டை விட்டு வந்து ஒரு வருஷம் கூட ஆகாதவர்கள் பலர். அவர்கள் அழுது கொண்டு அறைக்குள் முடங்கவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அந்த விடுதிகள் எப்படி இருக்கின்றன என்று உலகம் திரும்பிப் பார்த்தது. ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

மொட்டை மாடிப் பூட்டு

தெருவைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு. மூன்று மாடி வீடு. கீழே வீட்டுக்காரப் பெரியவரும் அவர் மனைவியும், அவருடைய வயதான தாயாரும். மேலே இரண்டு அறைகளில் ஒன்பது வாலிபர்கள். மொட்டை மாடிக்குப் போகும் கதவில் பூட்டு. “பேச்சிலர்கள் மேலே வரக் கூடாது” என்று சாக்பீசால் எழுதியிருந்தது. துணி உலர்த்தக் கூட விட மாட்டார்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. அடையாறு கரை புரண்டு வந்தது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை எங்கும் வெள்ளம். தொழிற்பேட்டையிலும் மிஷின்கள் தண்ணீரில் மூழ்கின. அந்த வீட்டில் கீழ்த்தளம் கழுத்தளவு. ஒன்பது வாலிபர்களில் நான்கு பேர் பாட்டியம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கொண்டு மாடி ஏறினார்கள். சாவி கீழே தண்ணீருக்குள். பூட்டை உடைத்தது யார் தெரியுமா? அந்தப் பெரியவரேதான், இரும்புக் கம்பியால் உடைத்தார். எதிர் வீட்டுக்காரர்கள், குடிசைக்காரர்கள், குழந்தைகள் என்று அன்றிரவு அந்த மாடியில் நாற்பது பேருக்கு மேல். யாரும் யாரையும் “என்ன ஆளுங்க” என்று கேட்கவில்லை. நாங்கள் மறுநாள் சோறு கொண்டு போனபோது, வாலிபர்களோடு வரிசையில் நின்று பெரியவரும் வாங்கிக் கொண்டார். தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கதவில் பூட்டுப் போடப்படவே இல்லை.

வெள்ளம் வந்துதான் பூட்டுத் திறக்க வேண்டுமா, தோழர்களே? வெள்ளத்துக்கு முன்பே அந்தப் பெரியவரும் அந்த வாலிபர்களும் பேசிப் பழகியிருக்கக் கூடாதா? குற்றம் பெரியவர் மீது மட்டுமல்ல. எத்தனை பேர் நாம் ஒரு வருஷம் ஒரு தெருவில் குடியிருந்தும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் காலி செய்து போகிறோம்! தெருவில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் மறியல் செய்தால், “டிராபிக் ஜாம்” என்று முகத்தைச் சுளித்துக் கொண்டு சுற்றி வளைத்துப் போகிறோமே, அது நம்முடைய தண்ணீரும்தானே?

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. நாம் இங்கே புதிதாகக் குடி வந்தோம். ஏற்கெனவே இருந்தவர்கள் எங்கே? அந்த வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் தலைமுறையாக வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் கிளப்பி, பெரும்பாக்கத்து அடுக்கு மாடிகளில் கொண்டு போய் வைத்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போயிற்று. பெண்களின் வீட்டு வேலை போயிற்று. அவர்களில் பலர் இன்றும் விடியற்காலை பஸ் பிடித்து இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறார்கள். நீங்கள் ஒன்பது மணிக்கு வரும்போது உங்கள் காரியாலயத் தரை பளபளப்பாக இருக்கிறதே, அதைத் துடைத்த அம்மாளை ஒரு நாள் கேளுங்கள், “எங்கேயிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?” என்று. இந்த வட்டாரத்தின் சரித்திரத்தை அவர் சொல்வார்.

கடன் என்னும் கயிறு

இன்னும் ஒரே விஷயம். முதல் சம்பளம் வந்த மறுநாளே கைபேசியில் கடன் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். பைக்குக்குத் தவணை, போனுக்குத் தவணை, ஊரில் தங்கை கல்யாணத்துக்குத் தவணை. ஊருக்குப் பணம் அனுப்புவது கடமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகும் மனிதனால், “தடுப்பில்லாத மிஷினில் வேலை செய்ய மாட்டேன்” என்று சொல்ல முடியாது. அன்று முதலாளிக்கு என் மார்க் ஷீட்டு தேவைப்பட்டது. இன்று உங்கள் தவணை அட்டவணையே போதும். வாங்குமுன் ஒரு தரம் யோசியுங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

அண்ணன் ஊருக்குப் போன அடுத்த வருஷம், எங்கள் பட்டறையில் ஏழு பேர் சேர்ந்து மூன்று விஷயங்களைக் கேட்டோம். மிஷினுக்குத் தடுப்பு, இ.எஸ்.ஐ. அட்டை, மார்க் ஷீட்டு. தடுப்புப் போட்டார்கள். இ.எஸ்.ஐ. அட்டை ஆறு பேருக்கு வந்தது. மார்க் ஷீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு என்னையும் வெளியே அனுப்பினார்கள். நஷ்டம் இல்லாமல் நடந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பின் நான் அங்கிருந்த வரை அந்த மிஷினில் இன்னொருவர் விரல் போகவில்லை.

மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிய அன்று அண்ணனின் ஊருக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். “என் விரல் போனதால்தான் உங்களுக்குத் தடுப்பு வந்ததா?” என்று கேட்டார். “இல்லை அண்ணே, நாங்கள் தாமதமாகக் கேட்டதால்தான் உங்கள் விரல் போனது” என்றேன். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

ஆகவே நண்பர்களே, இந்த மாதம் மூன்று காரியங்கள் செய்யுங்கள். உங்கள் வேலை ஸ்தலத்தில், வேறு நிற அட்டை அணிந்த ஒருவர் பெயரையும் ஊரையும் தெரிந்து கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்களோடு பேசுங்கள். உங்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரத்தை எடுத்து, உங்களைப் போன்ற நான்கு பேரோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது குறை தெரிந்தால் அந்த நான்கு பேரும் சேர்ந்தே கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஏதாவது ஒரு சங்கத்துக் காரியாலயத்துக்குப் போங்கள். அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கேட்பார்கள்.

யாரோ ஒருவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று நீங்கள் தனியாக இருக்கக் கூடாது. அதற்கான ஏற்பாட்டை இன்றிலிருந்தே தொடங்குங்கள்.